நோயாளிக்கு நாளுக்கு 400 டொலர், ஹோமுக்கு ஒருதடவை 1,100 டொலர்: தண்டம் யாருக்கு வலிக்கிறது?

ஒன்ராறியோவில் நடைமுறையில் உள்ள இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 400 டொலர். ஒரு முதியவர் வைத்தியசாலையில் இருக்கிறார். இனி வைத்தியசாலைச் சிகிச்சை தேவையில்லை என்று வைத்தியர் எழுதிவிட்டார். நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடமும் வந்துவிட்டது. ஆனால் அது அவர் கேட்ட இல்லம் அல்ல. பிள்ளைகள் இருக்கிற இடத்திலிருந்து 60 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. போகமாட்டேன் என்கிறார். அப்படி மறுத்தால் வைத்தியசாலை அவரிடம் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிட வேண்டும். 2022இல் நிறைவேறிய பில் 7இன் வழியாக வந்த விதி இது. தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரைக்கும், வடக்கில் 150 கிலோமீற்றர் வரைக்கும், அவருடைய சம்மதம் இல்லாமலே அவருக்கு இல்லம் தெரிவு செய்யலாம்.

இரண்டாவது, 1,100 டொலர். ஒரு பராமரிப்பு இல்லம் சட்டத்தை மீறியதை அரசாங்கப் பரிசோதகர் கண்டுபிடிக்கிறார். இன்ன திகதிக்குள் சரிசெய்யுங்கள் என்று கட்டளை போடுகிறார். திகதி கடந்த பிறகு திரும்பி வந்து பார்க்கிறார். சரிசெய்யப்படவில்லை. அப்போது விதிக்கப்படும் நிர்வாகத் தண்டம் சில அறிக்கைகளில் 1,100 டொலர், சிலவற்றில் 5,500 டொலர். அங்கே வசிக்கும் ஒருவர் சாதாரண அறைக்கு மாதாமாதம் கட்டுகிற பணமே 2,000 டொலருக்கு மேல். அதாவது ஒரு கட்டளையை மதிக்காமல் விட்டதற்கு ஹோம் கட்டுவது, ஒரேயொரு அம்மாவின் பாதி மாதக் கட்டணம்.

வைத்தியசாலையில் மூன்று நாள் அடம்பிடிக்கிற முதியவரின் கணக்கு 1,200 டொலர். மூன்றாம் நாளே அவர் அந்த ஹோமின் தண்டத்தைத் தாண்டிவிடுகிறார்.

நியாயமாகச் சொன்னால், 400 டொலர் உண்மையில் அறவிடப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் தொகையைக் காதில் போட்டாலே போதும், பெரும்பாலான குடும்பங்கள் கையெழுத்து வைத்துவிடும். பயம் தன் வேலையைச் செய்கிறது. ஹோம் நடத்துகிறவர்களுக்கு எழுதப்பட்ட தண்டங்கள் அதே அளவு பயத்தை உண்டாக்குகின்றனவா என்பதுதான் என் கேள்வி.

இது எங்கட ஆக்களுக்கு இனித்தான் வீட்டுக் கதவைத் தட்டப்போகிற விஷயம். 83க்குப் பிறகு வந்து, தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரண்டு வேலை மூன்று வேலை என்று உழைத்து, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிய தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டுகிறது. அவர்கள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட அம்மா அப்பாமாரில் பலர் ஏற்கெனவே ஹோமில் இருக்கிறார்கள். அந்த ஹோம்களில் பி.எஸ்.டபிள்யூ ஆகவும் நேர்ஸாகவும் சமையலறையிலும் வேலை செய்கிறவர்களில் எங்கட ஆக்கள் எத்தனை பேர் என்று உங்கள் உறவினர் வட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள். படுக்கையிலும் நாங்கள், படுக்கைக்குப் பக்கத்திலும் நாங்கள். சட்டம் இரண்டு பேரையும் தொடுகிறது.

கடதாசியில் எழுதியிருப்பது

சட்டம் மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டின் 'நீண்டகாலப் பராமரிப்பைச் சீர்செய்யும் சட்டம்' 2022 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்தது. பழைய 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் தனிநபருக்கு முதற்தடவை 200,000 டொலர் வரை தண்டம், மறுபடி செய்தால் 400,000 வரை. சிறைத்தண்டனையும் கொடுக்கலாம். நிறுவனமாக இருந்தால் முதற்தடவை 500,000, அடுத்த தடவை பத்து இலட்சம் டொலர் வரை. அரசாங்கம் இதை அறிவித்தபோது 'தண்டங்களை இரட்டிப்பாக்கிவிட்டோம்' என்று பெருமையாகச் சொன்னது.

ஆனால் இந்தப் பெரிய தொகைகள் எல்லாம் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகுதான். நிரூபிப்பது என்றால் என்ன? முக்கியமான சாட்சி மறதி நோய் உள்ள 88 வயது ஆள். இன்னொரு சாட்சி, அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிற பி.எஸ்.டபிள்யூ. மூன்றாவது சாட்சி, சில வேளை, உயிரோடு இல்லை. ஆவணங்களை எழுதி வைத்திருப்பதும் அதே ஹோம்தான். இந்த நிலையில் பத்து இலட்சம் என்ற எண் சட்டப்புத்தகத்தில் இருப்பது ஒன்று, ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து போவது வேறொன்று.

அதனால்தான் நடைமுறையில் வேறு ஏணி ஒன்று இருக்கிறது. பரிசோதகர் ஒரு மீறலைக் கண்டால், சின்ன விஷயம் அங்கேயே சரிசெய்யப்பட்டுவிட்டால் அப்படியே குறித்துவிட்டுப் போகலாம். அடுத்தது எழுத்துமூல அறிவித்தல். அதற்கு மேலே, திகதி குறித்த கட்டளை. அதையும் மதிக்காவிட்டால், அல்லது மூன்று வருடங்களுக்குள் அதே விதியை மீறி இன்னொரு கட்டளை வாங்கினால், நிர்வாகத் தண்டம். சட்டப்படி இதன் உச்சவரம்பு 250,000 டொலர். அதற்கு மேலே அரசாங்கப் பணத்தை நிறுத்திவைத்தல், புதிதாக ஆள் சேர்ப்பதைத் தடுத்தல், நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுதல், கடைசியாக அனுமதிப்பத்திரத்தையே பறித்தல்.

கவனித்துப் பாருங்கள், ஏணியின் கீழ்ப்படிகளில்தான் எப்போதும் நெரிசல். 2020இல் சி.பி.சி. தொலைக்காட்சி ஐந்து வருடத்துப் பரிசோதனை அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்தது. ஒன்ராறியோவின் இல்லங்களில் 85 வீதமானவை திரும்பத் திரும்பச் சட்டத்தை மீறியிருந்தன. அவற்றுக்குக் கிடைத்தது பெரும்பாலும் எழுத்துமூல அறிவித்தல். அதாவது கடிதம். இன்னொரு விபரமும் அப்போது வெளிவந்தது. ஒரு இல்லத்தை அடிமுதல் முடிவரை பார்க்கிற முழுமையான பரிசோதனை, 2019இல் அறுநூற்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் ஒன்பதே ஒன்பதில்தான் நடந்திருந்தது. முறைப்பாடு வந்தால் மட்டும் போய்ப் பார்க்கிற முறைக்கு அரசாங்கம் மாறியிருந்தது. முறைப்பாடு கொடுக்கப் பயப்படுகிற சமூகங்களுக்கு அந்த முறையில் என்ன கிடைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

புதிய சட்டம் சிலதை மாற்றியது. ஒவ்வொரு இல்லத்தையும் வருடத்துக்கு ஒருதடவையாவது பரிசோதிக்க வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்ததுதான். பரிசோதகர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க 2021இல் பணம் ஒதுக்கினார்கள். நிர்வாகத் தண்டம் என்பதே இந்தச் சட்டத்தோடுதான் உண்மையில் புழக்கத்துக்கு வந்தது. இவை நல்ல மாற்றங்கள், அதை மறுக்க மாட்டேன்.

நிர்வாகத் தண்டம் விதிக்கிற அறிக்கைகளின் கடைசியில் ஒரு வாசகம் வரும். எனக்கு அந்தச் சட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். வசிப்பவர்களின் பராமரிப்புக்காக அமைச்சு கொடுக்கிற பணத்திலிருந்து இந்தத் தண்டத்தைக் கட்டக்கூடாது என்று அதில் இருக்கும். ஹோம்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம் தனித்தனிப் பைகளாக வருகிறது: தாதியர் பராமரிப்புக்கு ஒன்று, நிகழ்ச்சிகளுக்கும் உதவிச் சேவைகளுக்கும் ஒன்று, சமையல் பொருட்களுக்கு ஒன்று. அந்தப் பைகளில் கைவைக்காமல் வேறு பணத்திலிருந்தே கட்டுகிறோம் என்று, காசோலை அனுப்புகிறபோதே ஹோம் உறுதி சொல்வதாகக் கொள்ளப்படும். யாரோ ஒரு அதிகாரி யோசித்து எழுதியிருக்கிறார். தண்டத்தை ஹோமுக்குப் போட, அது அம்மாவின் சோற்றுக் கோப்பையில் குறையக்கூடாது என்று. ஆனால் 1,100 டொலருக்கு இவ்வளவு கவனமா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

2020இல் நடந்ததும், அதற்குப் பிறகு நடந்ததும்

தண்டனையைப் பற்றிப் பேசும்போது கொரோனாக் காலத்தைத் தாண்டிப் போக முடியாது. ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் கிட்டத்தட்ட 4,000 பேர் இறந்தார்கள். நிலைமை கைமீறியபோது இராணுவத்தை அனுப்பினார்கள். போன சிப்பாய்கள் ஐந்து இல்லங்களில் தாங்கள் கண்டதை எழுதிக் கொடுத்தார்கள். 2020 மே மாதம் அது வெளியானது. அந்த ஐந்தில் ஒன்று எங்கட ஸ்காபரோவில் இருக்கும் அல்ரமொன்ட். பலர் வாரக்கணக்காகப் படுக்கையை விட்டு எழுப்பப்படாமல் கிடந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கவில்லை, கிடைத்த வேளையும் ஆறிப்போயிருந்தது. பிக்கரிங்கில் உள்ள ஓர்ச்சட் வில்லாவில் கரப்பான், இலையான், பழுதான சாப்பாட்டு மணம், மாற்றாமல் விட்ட பம்பர்ஸ். அங்கே முதல் அலையில் மட்டும் 70 பேர் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் பரிசோதகர்கள் எங்கே இருந்தார்கள்? மாகாண குறைகேள் அதிகாரி போல் டுபே 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. முதல் அலையின்போது ஏழு வாரங்கள் ஒரு பரிசோதகர் கூட நேரில் எந்த இல்லத்துக்குள்ளும் போகவில்லை. சட்டம் இருந்தது, தண்டம் இருந்தது, பரிசோதனைப் பிரிவு என்று ஒன்றும் இருந்தது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே போக ஆள் இல்லை. டுபே 76 பரிந்துரைகளை எழுதினார்.

பிறகு என்ன தண்டனை? 2020 நவம்பரில் சட்டமன்றம் பில் 218ஐ நிறைவேற்றியது. கொரோனா தொற்று தொடர்பாக வழக்குப் போடுகிறவர்கள், சாதாரண கவனக்குறைவை நிரூபித்தால் போதாது, பாரதூரமான கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டும் என்று அது மாற்றியது. அதுவும் அந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்தே செல்லுபடியாகும்படி, பின்தேதியிட்டு. சின்னக் கடைகளையும் தொண்டர்களையும் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். அந்தக் குடையின் கீழ் பங்குச் சந்தையில் இருக்கிற பெரிய ஹோம் கம்பனிகளும் நின்றுகொண்டன. ஓர்ச்சட் வில்லாவின் உரிமையாளருக்கு அதே இடத்தில் 320 படுக்கையுடன் புதிதாகக் கட்டவும், 30 வருட அனுமதிப்பத்திரத்துக்கும் மாகாணம் பச்சைக்கொடி காட்டியது. அங்கே அம்மாவை, அப்பாவை இழந்த குடும்பங்கள் வாசலில் பதாகையோடு நின்றார்கள்.

70 பேரை இழந்த இடத்துக்கு 30 வருட அனுமதி என்றால், அடுத்த ஹோம் முதலாளி அதைப் பார்த்து என்ன படிப்பார்?

மற்றப் பக்கத்து நியாயம்

இதற்குப் பதிலாக அதிகாரிகள் சொல்வது ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஒன்ராறியோவில் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் 40,000க்கும் மேல். ஒரு இல்லத்தின் அனுமதியைப் பறித்தால் உள்ளே இருக்கிற இருநூறு பேரும் எங்கே போவது? மறதி நோய் உள்ள ஒருவரை அறை மாற்றினாலே குழம்பிப்போகிறார், ஊர் மாற்றினால்? தண்டத்தைப் பெரிதாக்கினால் நல்ல மனதோடு நடத்துகிற சிறிய, இலாப நோக்கமில்லாத இல்லங்கள்தான் முதலில் மூடும். பெரிய கம்பனிக்கு அது ஒரு செலவு வரி, அவ்வளவுதான்.

உண்மைதான். ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும்வரை எந்த ஹோமையும் மூட முடியாது. மூட முடியாது என்று ஹோமுக்கும் தெரியும். அப்படியென்றால் அந்தப் பட்டியலே முதலாளிக்குக் காப்புறுதி ஆகிவிடுகிறது. இதற்கு மருந்து கட்டடத்தைத் தண்டிப்பதல்ல, முடிவெடுக்கிற ஆளைத் தண்டிப்பது என்பது என் எண்ணம். இரவு வேலைக்கு இத்தனை பேர் போதும் என்று கையெழுத்து வைத்தது யார்? அவர் பெயரில் வழக்கு வரட்டும். படுக்கையில் இருக்கிறவர் இடம் மாறத் தேவையில்லை, நிர்வாகம் மாறட்டும். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இருக்கிற வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே பராமரிப்புத் தர ஆணையம் 2015 ஏப்ரலிலிருந்து, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்பு ஒருவருக்கு ஏற்பட்டால் முன் எச்சரிக்கைக் கடிதம் இல்லாமலே நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம். தண்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. லண்டனில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் அவர்கள் வேறு கதை சொல்வார்கள். ஆனால் 'முதலில் கடிதம், பிறகு கட்டளை, பிறகு 1,100' என்ற படிக்கட்டு கடவுள் எழுதியதல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி.

நான்கு மணிநேரம் என்ற கதையும் இங்கே சொல்ல வேண்டும். 2025 மார்ச் 31க்குள் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பு என்று சட்டத்திலேயே இலக்கு எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரி மாகாணம் முழுவதற்கும் சேர்த்து. உங்கள் அப்பா இருக்கிற இல்லத்தில் இரண்டரை மணிநேரம்தான் என்றால், அதற்காக அந்த இல்லத்துக்குத் தண்டம் போட முடியாது, ஏனென்றால் அந்த இல்லத்துக்கு அப்படியொரு கடமை எழுதப்படவே இல்லை. இலக்கை எட்டாவிட்டால் அமைச்சர் காரணம் எழுதி வெளியிட வேண்டும். அவ்வளவுதான். விதியை மீறினால்தானே தண்டம், மீற முடியாதபடி விதியை எழுதிவிட்டால்?

அடிமட்டத்தில் நிற்பவர்

தண்டனை மேலே ஏறுவதற்குக் கஷ்டப்படுகிறது, கீழே இறங்குவதற்கு அல்ல. இரவு ஷிப்டில் ஒரு பி.எஸ்.டபிள்யூவுக்கு வழமைக்கு மேலாக ஆட்களைக் கொடுத்துவிட்டு, ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தால் விசாரணையில் முதலில் அவர் பெயர்தான் வரும். வேலையும் போகும். ஏஜென்சி வழியாக வந்தவர் என்றால் அடுத்த நாள் அழைப்பே வராது, காரணமும் சொல்லமாட்டார்கள்.

இந்த வேலை செய்கிற எங்கட அக்காமார், தங்கைமார் இரண்டு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது பயமுறுத்துவது போல இருக்கும்: சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, ஒருவருக்குத் துஷ்பிரயோகமோ, கவனிக்காமல் விடுதலோ, தகுதியில்லாத பராமரிப்போ நடந்து தீங்கு ஏற்பட்டது அல்லது ஏற்படலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், உடனடியாக அமைச்சின் பணிப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். வசிப்பவரின் பணத்தை யாரும் தவறாகப் பயன்படுத்தினாலும் அப்படித்தான். ஹோமில் வேலை செய்கிறவர் அறிவிக்காமல் விட்டால் அதுவே குற்றம். ஏஜென்சி மூலம் வந்தவரும் இதற்குள் அடக்கம். மேலாளரிடம் சொன்னேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது போதுமான பாதுகாப்பல்ல.

இரண்டாவது அதன் மறுபக்கம். அறிவித்ததற்காக யாரையும் பழிவாங்கக்கூடாது. வேலையிலிருந்து நிறுத்துவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது, மிரட்டுவது எல்லாம் தடை. மீறினால் அது ஹோமின் குற்றம். வசிப்பவரை வெளியேற்றுவேன் என்று மிரட்டுவதும் இதே பிரிவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நடைமுறையில் இதை நிரூபிப்பது சுலபமில்லை என்று தெரியும். ஆகவே திகதி, நேரம், யாரிடம் சொன்னது என்று வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வசிப்பவரின் பெயரும் நோய் விபரமும் அதில் வேண்டாம்.

எலிசபெத் வெற்லாஃபரின் வழக்கை நினைத்துப் பாருங்கள். பராமரிப்பு இல்லங்களில் நேர்ஸாக வேலை செய்தபடி இன்சுலின் ஊசி போட்டுக் கொன்றவர். 2017இல் எட்டுக் கொலைகளுக்கு ஆயுள்தண்டனை. மருந்துத் தவறுகளுக்காக ஓர் இல்லத்தில் வேலையை இழந்து, பிறகு வேறு இடத்தில் வேலை எடுத்தவர். அவராக 2016இல் வாயைத் திறந்திருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. விசாரணை நடத்திய நீதிபதி ஐலீன் கிலீஸ் 2019இல் 91 பரிந்துரைகளை எழுதினார். ஒரு தனி ஆள்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக அவர் மறுத்தார். ஓட்டை முழு அமைப்பிலும் இருக்கிறது என்றார். கொலைகாரிக்கு ஆயுள்தண்டனை கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, எட்டுத் தடவை ஒன்றும் கவனிக்காமல் விட்ட அமைப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.

'ஒண்டும் கதைக்காதேங்கோ'

இனிக் குடும்பங்களின் பக்கம். கோயிலிலோ செத்தவீட்டிலோ இந்தக் கதை வரும்போது ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: "ஒண்டும் கதைக்காதேங்கோ, பிறகு அவங்கள் அம்மாவைத்தான் பழிவாங்குவாங்கள்." இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. அதிகாரத்திடம் முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஊரில் படித்த பாடம் அது. மேலே, பெற்றாரை ஹோமில் விட்டதை நாலு பேருக்குச் சொல்ல வெட்கம். உள்ளே நடப்பதைச் சொன்னால் 'நீங்கள் ஏன் விட்டனீங்கள்' என்றுதான் முதல் கேள்வி வரும். அதனால் பம்பர்ஸ் மாற்றாமல் கிடந்ததையும், கையில் கண்ட நீலக் காயத்தையும் விழுங்கிவிட்டு, அடுத்த முறை போகும்போது நேர்ஸுக்கு ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போகிறோம்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயம் குறைவு, ஆங்கிலமும் உண்டு. ஆகவே இந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

முதலில் எழுத்தில் கொடுங்கள். வாசலில் நின்று மேலாளரிடம் சொல்வதற்கும் மின்னஞ்சலில் எழுதுவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பராமரிப்புப் பற்றி எழுத்தில் வருகிற முறைப்பாட்டை ஹோம் அமைச்சுக்கு அனுப்பியே ஆகவேண்டும். உங்களுக்கு 10 வேலைநாட்களுக்குள் பதிலும் தரவேண்டும். 'அம்மாவை நல்லாப் பாக்கேல்லை' என்று எழுதாமல், எத்தனையாம் திகதி, எத்தனை மணிக்கு, எதைக் கண்டீர்கள் என்று எழுதுங்கள். ஹோமைத் தாண்டி நேராக அமைச்சுக்குப் பேச 1-866-434-0144 என்ற இலக்கம் இருக்கிறது. அமைச்சின் பதிலிலும் திருப்தி இல்லையென்றால் நோயாளர் குறைகேள் அதிகாரி என்று தனி அலுவலகம் உண்டு. அடித்தார்கள், பணத்தை எடுத்தார்கள் என்றால் அது பொலிஸ் விஷயம். அதற்கு இந்தச் சட்டம் தேவையில்லை, குற்றவியல் சட்டமே போதும்.

இரண்டாவது, அந்த இல்லத்தின் பரிசோதனை அறிக்கைகளை வாசியுங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு இல்லத்தின் பெயரிலும் இருக்கிறது. ஹோமுக்குள்ளேயும் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். பெயர்கள் இருக்காது, 'வசிப்பவர் 001', '002' என்றுதான் இருக்கும். ஆனால் வாசித்தால் எந்தத் தளம், எந்த விதமான பிரச்சினை, அது முதல் தடவையா மூன்றாவது தடவையா என்பது விளங்கும். இடம் தெரிவு செய்ய முன்னரே வாசிக்க வேண்டியது இது. வரவேற்பறையில் இருக்கிற மீன்தொட்டியையும் பியானோவையும் பார்த்து முடிவெடுப்பதை விட நல்லது.

மூன்றாவது, வசிப்பவர்களின் உரிமைப் பட்டயம். அதில் 29 உரிமைகள் இருக்கின்றன. சுவரில் மாட்டுகிற படம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஹோமோடு செய்துகொண்ட ஒப்பந்தம் போல அதை வைத்து வழக்குப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது.

இங்கே ஒரு விலகல். எங்கட ஆக்கள் ஸ்காபரோவிலும் பிறம்டனிலும் சாதாரண வீடுகளில் நாலைந்து வயதானவர்களை வைத்துப் பார்க்கிற இடங்கள் பற்றியும் கேள்விப்படுகிறோம். தமிழ்ச் சாப்பாடு, தமிழ்க் கதை, சன் ரிவி. ஹோமை விட நூறு மடங்கு நல்லது என்று பலர் சொல்கிறார்கள், சிலது உண்மையில் அப்படித்தான் இருக்கும். ஆனால் 2010ஆம் ஆண்டின் ஓய்வூதியர் இல்லச் சட்டம், உறவினர் அல்லாத ஆறு பேருக்குக் குறையாமல் வைத்திருந்து, இரண்டு பராமரிப்புச் சேவைகளாவது கொடுக்கிற முதியோர் இல்லத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. ஆறாவது கட்டிலைப் போட்டுவிட்டுப் பத்திரம் இல்லாமல் நடத்தினால் அது குற்றம், தண்டமும் உண்டு. ஐந்து பேர் என்றால் அந்தச் சட்டம் எட்டிப்பார்க்காது, பரிசோதகரும் வரமாட்டார். மருந்து யார் கொடுக்கிறார், இரவில் யார் விழித்திருக்கிறார், தீ பிடித்தால் பேஸ்மென்ற் கட்டிலில் இருப்பவரை யார் தூக்குவார் என்று நீங்களேதான் கேட்க வேண்டும். தமிழர் நடத்துகிறார் என்பது அந்தக் கேள்விகளுக்குப் பதில் அல்ல.

இன்னொன்று. ஒவ்வொரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் குடும்பத்தினர் சேர்ந்து குடும்ப மன்றம் அமைக்க உரிமை இருக்கிறது. அமைக்க வேண்டாம் என்று ஹோம் தடுக்க முடியாது. அந்த மன்றம் ஒரு குறையை எழுப்பினால் ஹோம் 10 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். தனி ஒரு மகளின் மின்னஞ்சலை 'அவ எப்பவும் இப்படித்தான்' என்று ஒதுக்கலாம். இருபது குடும்பம் சேர்ந்து எழுதிய கடிதத்தை, அதுவும் பரிசோதகர் வந்தால் கேட்டுப் பார்க்கக்கூடிய கடிதத்தை, அப்படி ஒதுக்க ஏலாது. நான் விசாரித்த அளவில், தமிழர் நிறையப் பேர் இருக்கிற இல்லங்களில் கூட அந்த மன்றத்தில் எங்கட ஆக்களைக் காண்பது குறைவு. கூட்டம் மாதத்தில் ஒருநாள் பின்னேரம், ஒரு மணிநேரம். திகதியை ஹோமின் அறிவித்தல் பலகையில், சாப்பாட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள்.